டி லா போல் குடும்பம்: கம்பளி வியாபாரத்திலிருந்து அரியணை வாசல் வரை — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களோடு ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பாதி வழியில் எல்லாரும் ஒரு பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள்: சஃபோக். யார் இவர், ஏன் இத்தனை பேர் இவரை வெறுத்தார்கள், கடலில் வைத்து ஏன் தலையை வெட்டினார்கள்? ஆண்டுதோறும் இதே கேள்விகள்தான். பதில் சொல்லப் போனால் அந்த ஒரு மனிதரோடு நிற்காது, இருநூறு ஆண்டுக் குடும்பக் கதையாக நீளும். அதனால் கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, எளிதானவற்றை முன்னால் வைத்திருக்கிறேன்.

முதல்ல ஒரு வரியில சொல்லுங்க, இவங்க யாரு?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஹல் என்ற துறைமுக ஊரில் ஆட்டுரோமம் விற்ற வணிகர் குடும்பம். 14-ஆம் நூற்றாண்டில் அரசருக்குக் கடன் கொடுத்து மேலே வந்தது. பிறகு பிரபுப் பட்டங்களில் ஏர்ல், மார்க்விஸ், டியூக் என்று ஒவ்வொரு படியாக ஏறியது. கடைசியில் அரசரின் தங்கையையே மருமகளாகக் கொண்டுவந்தது. அதன் பிறகு இரண்டே தலைமுறையில் அடியோடு அழிந்தது.

எல்லாருக்கும் ஒரே பெயர். மைக்கேல், மைக்கேல், வில்லியம்... எப்படி நினைவில் வைக்கிறது?

இந்தக் குழப்பம் இல்லாதவரை நான் பார்த்ததே இல்லை. வரிசையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முதலில் வணிகர் வில்லியம் (இறப்பு 1366). அவர் மகன் மைக்கேல், சஃபோக்கின் முதல் ஏர்ல் (1389). அவர் மகன் இன்னொரு மைக்கேல், இரண்டாம் ஏர்ல் (1415 செப்டம்பர்). அவர் மகன் மூன்றாவது மைக்கேல் (1415 அக்டோபர்). இந்த மூன்றாமவருக்கு ஆண் வாரிசு இல்லாததால் தம்பி வில்லியம் வந்தார். நாடகத்தில் வரும் சஃபோக் இவர்தான் (1450). இவருடைய ஒரே மகன் ஜான், இரண்டாம் டியூக் (1492). ஜானின் பிள்ளைகளில் நான்கு பேரை மட்டும் இங்கே நினைவில் வைத்தால் போதும்: லிங்கன் ஏர்ல் ஜான், எட்மண்ட், வில்லியம், ரிச்சர்ட்.

கீழே 'வணிகர்' என்றால் முதல் வில்லியம், 'டியூக் வில்லியம்' என்றால் 1450-இல் இறந்தவர்.

ஆட்டு ரோமம் வித்து இவ்வளவு பணமா?

ஆமாம். அன்றைய இங்கிலாந்தின் பெரிய செல்வமே அதுதான். ஃபிளாண்டர்ஸிலும் இத்தாலியிலும் துணி நெய்தவர்கள் ஆங்கில ரோமத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஒரு மூட்டை என்பது 364 பவுண்டு எடை, ஆண்டுக்குப் பல ஆயிரம் மூட்டைகள் கப்பலேறின. பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் உட்கார்வது கம்பளி அடைத்த ஒரு திண்டின் மேல்தான். நாட்டின் செல்வம் எதிலிருந்து வந்தது என்பதை அந்த இருக்கையே காட்டுகிறது.

வில்லியமும் அண்ணன் ரிச்சர்டும் ஹல்லில் மது இறக்குமதியும் ரோம ஏற்றுமதியும் செய்தார்கள். வில்லியம் ஹல் நகரின் முதல் மேயர் ஆனார். ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கியது சரக்கு அல்ல, கடன். மூன்றாம் எட்வர்டு பிரான்ஸ் மீது போர் தொடங்கியபோது கஜானா காலி. 1337-இல் ஒரு திட்டம் போட்டார்கள்: வணிகர்கள் சேர்ந்து 30,000 மூட்டை வாங்கி விற்று, அரசருக்கு 2,00,000 பவுண்டு கடன் தருவது. அதை முன்னின்று நடத்தியவர் இவர். அந்தத் திட்டம் பாதியில் கெட்டது. டோர்ட்ரெக்ட் துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்கை அரசரின் ஆட்களே எடுத்துக்கொண்டு, வணிகர்கள் கையில் கடன் பத்திரங்களைத் திணித்தார்கள். ஆனால் வில்லியம் தன் பங்கில் விடாமல் கடன் திரட்டிக் கொடுத்தார். 1338 நடுவிலிருந்து 1339 இலையுதிர் காலத்துக்குள் மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல்.

அரசருக்கே கடன் கொடுத்தவரை யார் என்ன செய்ய முடியும்?

அரசர் செய்ய முடியும். 1340-இல் போரில் ஒன்றும் சாதிக்காமல் எட்வர்டு திடீரென்று இங்கிலாந்து திரும்பினார். பணம் ஏன் வரவில்லை என்று கொதித்துப் போயிருந்தவர், அதிகாரிகளோடு சேர்த்து வில்லியமையும் சிறையில் தள்ளினார். 1342 வரை உள்ளேதான் இருந்தார். பின்னர் வெளியே வந்து தொழிலைத் தொடர்ந்தார். 1350-களில் பழைய வழக்கை மறுபடி தோண்டினார்கள். அரசர் தனக்குத் தர வேண்டிய பாக்கியையும், பர்ஸ்ட்விக் என்ற பெரிய பண்ணையின் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்த பிறகுதான் மன்னிப்புக் கிடைத்தது.

இந்த இடத்தை நன்றாக மனதில் வையுங்கள். அரசருக்குக் கடன் கொடுத்த பார்டி, பெருட்ஸி என்ற பெரிய இத்தாலிய நிறுவனங்கள் 1340-களில் திவாலாகிவிட்டன. இவர் தப்பினார். அரசரிடம் போய்க் கணக்குக் கேட்க முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அவருடைய வாரிசுகளில் சிலருக்கு அது கடைசி வரை புரியவில்லை.

வியாபாரி மகன் எப்படி ஏர்ல் ஆனார்? பழைய பிரபுக்கள் சும்மா விட்டாங்களா?

அப்பாவின் பணத்தை மைக்கேல் கடையில் போடவில்லை, போர்க்களத்தில் போட்டார். மூன்றாம் எட்வர்டின் மகன்களான கறுப்பு இளவரசரிடமும் ஜான் ஆஃப் காண்ட்டிடமும் படையில் சேவை செய்தார். சஃபோக் மாவட்டத்தில் விங்ஃபீல்டு குடும்பத்தின் வாரிசான கேத்தரினை மணந்தார். நிலம், கோட்டை, ஊர் மரியாதை எல்லாம் அந்தத் திருமணத்தில் வந்தவை. இளம் அரசர் இரண்டாம் ரிச்சர்டின் நம்பிக்கையைப் பெற்று 1383-இல் சான்சலர் (அரசின் மிக உயர்ந்த அமைச்சர் பதவி), 1385-இல் சஃபோக் ஏர்ல்.

பழைய பிரபுக்கள் சும்மா விடவில்லை. 1386-இல் பிரெஞ்சுப் படையெடுப்பு வரும் என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்தபோது, அரசரின் நிலத்தை மலிவாக வாங்கினார், வரிப்பணத்தைத் தவறாகச் செலவழித்தார் என்று நாடாளுமன்றம் குற்றம் சாட்டியது. அவரை நீக்கச் சொன்னார்கள். 'நீங்கள் கேட்டு என் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவனைக்கூட நீக்க மாட்டேன்' என்று ரிச்சர்ட் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் நைட்டன் எழுதுகிறார். கடைசியில் நீக்கத்தான் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பிரபுக்கள் ஆயுதம் எடுத்தார்கள். மைக்கேல் நாட்டை விட்டு ஓடினார். 1388-இல் அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள், பட்டமும் சொத்தும் பறிபோயின. மறு ஆண்டு பாரிஸில் இறந்தார்.

அதோட கதை முடிஞ்சிருக்கணுமே? மறுபடி எப்படி எழுந்தாங்க?

அன்றைய சட்டப்படி துரோகக் குற்றம் நிரூபணமானால் பட்டமும் நிலமும் வாரிசுக்குப் போகாது. ஆனால் அரசர் மனம் வைத்தால் திருப்பித் தரலாம். இரண்டாம் மைக்கேலுக்கு 1398-இல் கிடைத்தது. அடுத்த ஆண்டே ரிச்சர்ட் வீழ்ந்தார். புதிதாக வந்த நான்காம் ஹென்றியும் ஏர்ல் பட்டத்தை அவருக்கே உறுதி செய்தார். ஒரு தலைமுறை முழுக்க அடக்கமாக இருந்து, கையைவிட்டுப் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்ட மனிதர் இவர். இவரைப் பற்றி யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

பிரான்ஸ் போர்ல இந்தக் குடும்பத்துல எத்தனை பேர் செத்தாங்க?

1415-இல் ஐந்தாம் ஹென்றியோடு அப்பாவும் மகனுமாக இரண்டு மைக்கேல்கள் கப்பல் ஏறினார்கள். அப்பா ஹார்ஃப்ளர் முற்றுகையில் வயிற்றுப்போக்கால் செப்டம்பரில் இறந்தார். மகன் அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட் போரில் விழுந்தார். ஆறு வாரத்துக்குள் இரண்டு ஏர்ல்கள் போய்விட்டார்கள். 19 வயது வில்லியம் வாரிசு ஆனார்.

அவரும் பிரான்சிலேயே வாழ்க்கையைக் கழித்தார். 1429 ஜூனில் ஜோன் ஆஃப் ஆர்க் இருந்த படை ஜார்ஜோ கோட்டையைப் பிடித்தபோது சிறைப்பட்டார். பல ஆண்டு கழித்து நாடாளுமன்றத்தில் தன்மீது பழி விழுந்தபோது அவர் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: அப்பா ஹார்ஃப்ளரில், அண்ணன் அஜின்கோர்ட்டில், இரண்டு சகோதரர்கள் ஜார்ஜோவில், இன்னொருவர் தனக்காகப் பிணையாக இருந்தபோது இறந்தார், மீட்புத்தொகையாக 20,000 பவுண்டு கொடுத்தேன், பதினேழு ஆண்டுகள் வீடு திரும்பாமல் போரில் இருந்தேன். அவரை வெறுத்தவர்களும் இந்தக் கணக்கைப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

சாசர் பேத்தியைக் கல்யாணம் பண்ணினாராமே? அந்த கவிஞர் சாசரா?

அதே ஜெஃப்ரி சாசர்தான். பேத்தியின் பெயர் ஆலிஸ். அவள் தந்தை தாமஸ் சாசர் நாடாளுமன்ற மக்கள் சபைக்கு ஐந்து முறை சபாநாயகராக இருந்தவர். கவிஞரின் அப்பா லண்டனில் மது வணிகர். ஆக இரண்டு பக்கமும் வணிக வேர்தான்.

ஆலிஸின் முதல் கணவர் ஹார்ஃப்ளர் படையெடுப்பில் இறந்தவர். இரண்டாம் கணவர் சாலிஸ்பரி ஏர்ல் 1428-இல் ஆர்லியான் முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். அவருடைய படைத்தலைமை வில்லியமுக்கு வந்தது, 1430-இல் மனைவியும் வந்தாள். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் யூவெல்ம் ஊரில் தேவாலயத்தைப் புதுப்பித்து, 13 ஏழைகளுக்கு ஓர் அறக்கட்டளை இல்லமும், பக்கத்திலேயே பள்ளியும் கட்டினார்கள். ஆலிஸ் வெறும் 'டியூக்கின் மனைவி' அல்ல. கணவர் கொல்லப்பட்ட பிறகு அவள் மேலும் துரோக வழக்கு வந்தது, அதில் விடுதலையானாள், சொத்தைக் கட்டிக் காத்தாள், லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச வம்சங்கள் அரியணைக்காக மோதியபோது பக்கம் மாறி மகனைக் கரை சேர்த்தாள். குடும்பத்திலேயே கெட்டிக்காரர் யார் என்று கேட்டால் நான் அவள் பெயரைத்தான் சொல்வேன்.

டியூக் வில்லியம் என்ன தப்பு பண்ணினார்? ஏன் நாடே அவர் மேல பாய்ந்தது?

ஆறாம் ஹென்றிக்குப் போரில் விருப்பமே இல்லை. 1444-இல் தூர் நகரில் போர்நிறுத்தம் பேசி, ஆஞ்சூ மார்கரெட்டை அரசருக்கு மணம் பேசியவர் வில்லியம். அந்தச் சமாதானத்தின் விலையாக மேன் என்ற மாகாணத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தர ஹென்றி ஒப்புக்கொண்டார். 1448-இல் அது கைமாறியது, அதே ஆண்டு வில்லியம் டியூக் ஆனார். மக்கள் கண்ணில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 1449-இல் ஆங்கிலப் படையே ஃபூஜேர் நகரைத் தாக்கிப் போர்நிறுத்தத்தை உடைத்தது. அதன் பின்னணியில் அவர் கை இருந்தது. பிரெஞ்சுப் படை பாய்ந்து வந்து ருவானைப் பிடித்தது. 1450 ஆகஸ்டுக்குள் நார்மண்டி முழுவதும் போய்விட்டது. உள்ளூரிலோ அரசரின் கடன் 3,72,000 பவுண்டு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள்.

அப்புறம் கிழக்கு இங்கிலாந்தில் அவருடைய ஆட்கள் செய்த அட்டூழியம். நீதிமன்றத்தையும் ஷெரீஃபையும் கையில் வைத்துக்கொண்டு ஊரார் நிலத்தில் கைவைத்தார்கள். இதை அவர் தடுக்கவில்லை.

அப்படின்னா அவர் துரோகிதானே?

இல்லை என்பதுதான் என் முடிவு. மேன் மாகாணத்தைக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தவர் அரசர், 1445 டிசம்பரில், தன் கையெழுத்தில். தூது போன ஒவ்வொரு முறையும் வில்லியம் சென்றது அரசரின் ஆணைப்படி. ஆனால் அரசரைக் குற்றம் சொல்ல அன்றைய சட்டத்தில் இடமில்லை. எனவே அரசரின் கொள்கை தோற்றபோது ஒரு தலை தேவைப்பட்டது. பேராசைக்காரர், ஃபூஜேர் விஷயத்தில் பெரும் தவறு செய்தவர், தன் ஆட்களை அடக்காதவர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எதிரிக்கு நாட்டை விற்றவர் என்பதை மட்டும் ஏற்க முடியாது. மேலே சொன்ன ஜார்ஜோ கணக்கைக் கொடுத்த குடும்பம் அது.

கடல்ல என்ன நடந்தது?

1450 மார்ச்சில் ஹென்றி விசாரணையைப் பிரபுக்களிடம் விடாமல், ஐந்து ஆண்டு நாடு கடத்தல் என்று தானே தீர்த்துவைத்தார். அவரைக் காப்பாற்ற அரசருக்கு வேறு வழி தெரியவில்லை. கிளம்பும் முன் ஏப்ரல் 30 அன்று வில்லியம் தன் ஏழு வயது மகன் ஜானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுளுக்கு அஞ்சு, அரசருக்கு உண்மையாக இரு, அம்மா சொல்வதை மீறாதே, கர்வமும் பேராசையும் உள்ளவர்களிடம் சேராதே. அவ்வளவுதான் சாரம். பழியின் உச்சத்தில் இருந்த ஒருவர் எழுதியது என்று நினைத்துப் படித்தால் கண் கலங்கும்.

டோவர் பக்கம் 'நிக்கோலஸ் ஆஃப் தி டவர்' என்ற கப்பல் வழிமறித்தது. ஏறியதும் 'வா துரோகி' என்று வரவேற்றார்கள். மே 2 அன்று ஒரு படகில் இறக்கி, கப்பலில் இருந்தவர்களிலேயே கீழ்த்தரமான ஒருவன் துருப்பிடித்த வாளால் ஆறேழு முறை வெட்டித் தலையை எடுத்தான். உடையை உருவிக்கொண்டு உடலை டோவர் மணலில் போட்டார்கள். இந்த விவரம் மே 5 அன்று வில்லியம் லோம்னர் என்பவர், கிழக்கு இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பமான பாஸ்டன்களில் ஒருவரான ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கண்ணீரில் கடிதம் நனைந்துவிட்டது, படிக்கக் கஷ்டப்படுவீர்கள் என்று அவரே தொடக்கத்தில் சொல்கிறார்.

ராணி மார்கரெட்டுக்கும் அவருக்கும் காதல்னு நாடகத்துல வருதே?

அது ஷேக்ஸ்பியர் மேடைக்காகச் செய்தது. மார்கரெட் திருமணமாகி வந்தபோது அவளுக்கு 15 வயது, அவருக்கு 48. கூடவே ஆலிஸும் பயணம் செய்தாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு கணவனையும் மகனையும் இழந்து சிறைப்பட்ட மார்கரெட்டை வாலிங்ஃபோர்டு கோட்டையில் காவலில் வைத்திருந்தது யார் தெரியுமா? ஆலிஸ்தான்.

மகன் ஜானுக்கு என்ன ஆச்சு? துரோகி மகன்னு ஒதுக்கலையா?

வில்லியம் மேல் குற்றம் சுமத்தினார்களே ஒழியத் தீர்ப்பு வரவில்லை, அதனால் பட்டம் தப்பியது. ஜானுக்கு ஏழு வயதிலேயே ஒரு திருமணம் செய்துவைத்திருந்தார்கள்: மணப்பெண் சிறுமி மார்கரெட் போஃபோர்ட். தன் மகனை அரசனாக்கப் பார்க்கிறார் என்று வில்லியம் மேல் வந்த குற்றச்சாட்டுக்கு இந்தத் திருமணம்தான் காரணம். 1453-இல் அதைச் செல்லாது என்று ரத்து செய்தார்கள். அந்தப் பெண் பிறகு வேறொருவரை மணந்து பெற்ற பிள்ளைதான் ஏழாம் ஹென்றி. ஜானின் பிள்ளைகளை வேட்டையாடியவர் அவரே.

ஜான் அடுத்து மணந்தது யார்க் வம்சத்து எலிசபெத்தை. அவள் அண்ணன் 1461-இல் நான்காம் எட்வர்டாக முடிசூடினார். ஜான் பெரிய திறமைசாலி இல்லை. 1465-இல் அவருடைய ஆட்கள் ஹெல்ஸ்டன் ஊரில் பாஸ்டன்களின் வீட்டை இடித்த கதை ஒன்றுதான் நினைவில் நிற்கும். ஆனால் அவர் காலத்தில் யார் அரியணை ஏறினாலும் அவர்களோடு ஒத்துப்போய், படுக்கையில் இறந்தார்.

லிங்கன் ஏர்ல் தானே அடுத்த ராஜா ஆக வேண்டியவர்? ஏன் ஒரு போலிப் பையனுக்காகப் போய்ச் செத்தார்?

நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் சிக்கலானது. நான்காம் எட்வர்டின் தம்பியான அரசர் மூன்றாம் ரிச்சர்ட், தன் மகன் 1484-இல் இறந்த பிறகு, அக்காள் மகனான லிங்கனைத்தான் வாரிசு போல நடத்தினார், வடக்கு ஆட்சிக் குழுவின் தலைமையையும் கொடுத்தார். 1485-இல் போஸ்வர்த் போரில் ரிச்சர்ட் விழுந்து ஏழாம் ஹென்றி அரசரானதும் லிங்கன் அவரிடம் பணிந்தார். 1487-இல் திடீரென்று தப்பி ஓடி, லாம்பர்ட் சிம்னெல் என்ற சிறுவனை, யார்க் வம்சத்து வாரிசான வாரிக் ஏர்ல் என்று சொல்லி டப்ளினில் முடிசூட்டியவர்களோடு சேர்ந்தார். லிங்கனின் சித்தியான பர்கண்டி மார்கரெட் அனுப்பிய ஜெர்மன் கூலிப்படை 2,000 பேர் கூட வந்தார்கள்.

உண்மையான வாரிக் அவருடைய மாமா மகன், லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தார். போலி என்பது லிங்கனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. சிறுவனை முன்னால் நிறுத்தி வென்றுவிட்டு, பிறகு தானே உட்காரலாம் என்று நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜூன் 16 அன்று ஸ்டோக் களத்தில் கொல்லப்பட்டார். சிம்னெலை ஹென்றி சமையலறை வேலைக்கு அனுப்பினார்.

டியூக்கா இருந்த குடும்பம் மறுபடி ஏர்லா இறங்கினது எப்படி?

அப்பா ஜான் உயிரோடு இருந்ததால் டியூக் பட்டம் லிங்கனோடு போகவில்லை. ஆனால் லிங்கனுக்கு வர வேண்டிய நிலங்கள் அரசரிடம் போயின. 1492-இல் ஜான் இறந்தபோது எட்மண்ட் கையில் டியூக் பட்டத்துக்கு ஏற்ற வருமானம் இல்லை. அடுத்த ஆண்டு ஏர்ல் பட்டத்தோடு திருப்திப்படுவதாக ஒப்பந்தம் போட்டு, நிலத்தில் ஒரு பகுதியை மீட்க அரசருக்கு 5,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டார். அரசரிடம் பணத்தை இழந்த மூதாதையரின் கதை திரும்பவும் நடந்தது.

எட்மண்டால் அதைத் தாங்க முடியவில்லை. 1501-இல் பேரரசர் மாக்சிமிலியனிடம் ஓடினார், பல அரசவைகளில் கடன்பட்டு அலைந்தார். 1506-இல் பர்கண்டி ஃபிலிப்பின் கப்பல் புயலில் இங்கிலாந்தில் ஒதுங்கியது. விருந்தாளியாக வந்தவரிடம் எட்மண்டைக் கேட்டு வாங்கினார் ஹென்றி, உயிருக்கு ஆபத்தில்லை என்ற வாக்குறுதியோடு. அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். மகன் எட்டாம் ஹென்றி 1513-இல் தலையை வெட்டினார்.

கடைசியா மிச்சம் இருந்த இருவர்?

ரிச்சர்ட் பிரான்சில் படைத்தலைவர் ஆனார். 1512-இல் பன்னிரண்டாம் லூயி அவரை இங்கிலாந்தின் அரசர் என்றே ஏற்றார். 1525 பிப்ரவரி 24 அன்று பாவியா போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று இறந்தார். வில்லியமின் ஒரே குற்றம் எட்மண்டின் தம்பியாகப் பிறந்தது. எட்மண்ட் ஓடியதும் டவரில் அடைத்தார்கள். சுமார் 37 ஆண்டுகள் அங்கேயே இருந்து 1539-இல் இறந்தார்.

கார்டினல் ரெஜினால்ட் போல் இவங்க வம்சமா?

இல்லை. பெயர் ஒற்றுமை பலரையும் ஏமாற்றும். அவர் வேறு குடும்பம். மேலே சொன்ன வாரிக் ஏர்லின் அக்காள் மகன்.

இப்போ போனா பார்க்க என்ன இருக்கு?

ஹல்லில் மைக்கேல் நிறுவிய முதியோர் இல்லம் சார்ட்டர்ஹவுஸ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. விங்ஃபீல்டு தேவாலயத்தில் இரண்டாம் மைக்கேலும் மனைவியும் மரச்சிற்பமாகவும், டியூக் ஜானும் எலிசபெத்தும் வெண்கல்லிலும் படுத்திருக்கிறார்கள். யூவெல்மில் அந்தப் பள்ளி அதே கட்டடத்தில் இன்றும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறது.

ஒரே இடம்தான் போக முடியும் என்றால் யூவெல்ம் போங்கள். ஆலிஸின் கல்லறையில் மேல் தட்டில் கையில் கார்ட்டர் பட்டையோடு (அரசர் தரும் மிக உயர்ந்த வீரப் பட்டத்தின் சின்னம்) சீமாட்டியாகப் படுத்திருப்பாள். கீழ்த் தட்டில், கல் பலகணிக்குள், எலும்பும் தோலுமாக அவளுடைய சடலத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சடலத்துக்கு மேலே உள்கூரையில் ஓவியங்கள் உண்டு. தரையில் படுத்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.